ஜானியின் தவக்காலம்

ஓமந்தூர் வீட்டின் ஹாலில் அப்போது இருந்தவர்கள் நால்வர். ஜன்னலோர நாற்காலியில் இன்னாசிராஜ். மடியில் அட்டை, அட்டையில் வெள்ளைத்தாள். தையல் மெஷின் ஸ்டூலில் மனைவி சகாயசெல்வி. வாசற்படியில், கல்லூரிக்கு மட்டம் போட்ட மகள் வெனிலா. நடுவே சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தது நாய் ஜானி. கூட்டம் கூடியதே அதற்காகத்தான்.

"நேத்துலேர்ந்து சாப்பிடல. காலையில ரெண்டு வாந்தி" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் இன்னாசிராஜ். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கடிதம் எழுதுகிறவர். எழுத்தில் வராத எதையும் நடந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

"டாக்டர்கிட்ட கொண்டு போலாமா?" என்று இழுத்தாள் வெனிலா.

"டாக்டரா? அதுக்குள்ளயா?" அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சும்மா கேட்டேன். வேணாம்னா வேணாம்" என்று அவளும் உடனே பின்வாங்கினாள்.

"இருபத்திரண்டு நாளா கஞ்சி குடிக்கிற நாய்க்கு இன்னா வந்துடும்?" என்றாள் சகாயசெல்வி.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று இன்னாசிராஜ் எழுதிய உறுதிமொழி சுவரில் ஒட்டியிருந்தது: 'ஈஸ்டர் வரை இவ்வீட்டிலுள்ள நால்வரும் புலால் உண்பதில்லை.' நான்காவது ஆள் ஜானி. கையெழுத்து மட்டும்தான் போடவில்லை.

சகாயசெல்வி ஓமத்தண்ணீர் புகட்டினாள். மூன்றாவது வாந்தி அவள் புடவையில் விழுந்தது.

வெனிலா தயிரில் வெந்தயம் கலந்து நீட்டினாள். நாலாவது வாந்தி.

"நாலு எட்டு நடந்தா செரிச்சிடும்" என்று இன்னாசிராஜ் கயிற்றைப் பிடித்துக் கிளம்பினார். தெருமுனையில் பால் வண்டிக்கு எதிரே ஜானி உட்கார்ந்துவிட்டது. பதினாலு கிலோவைத் தோளில் போட்டுத் திரும்பியவரை, "இன்னா சார், வேண்டுதலா?" என்று தெருவே விசாரித்தது.

வீட்டில் இறக்கியதும் வெனிலா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "ப்பா, கல்லாட்டம் இருக்கு. தண்ணியும் எறங்கல. ஈறு பாருங்க, வெளுத்துப் போச்சு."

இன்னாசிராஜ் குனிந்தார். ஜானி தலையைத் தூக்கவில்லை. அவருக்காக வாலை ஒரே ஒரு தடவை தரையில் தட்டியது. அவர் பேனாவை மூடினார்.

திண்டிவனத்துக் கால்நடை மருத்துவர் கலைப்பிரியா போனிலேயே வெடித்தார். "நாலு வாந்தி, வயிறு உப்பல், தண்ணி எறங்கல... இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? இதுல ஒண்ணு இருந்தாலே வந்திருக்கணும். ஜல்தி கொண்டாங்க. இன்னா தின்னுச்சின்னு மறைக்காம சொல்லணும். அதுலதான் உசுரே இருக்கு."

"கஞ்சிதான் டாக்டர்" என்றார்கள் மூவரும்.

அடுத்த தெரு திருமுருகனின் ஆட்டோ வந்து நின்றது. ஒருவர் துணைக்குப் போனால் போதும். மூவருமே வருவேன் என்று நின்றார்கள்.

"நாய போர்வையில சுத்தி ஏத்துங்க. நான் கண்ணாடிய எடுத்தாறேன்" என்று உள்ளே போன இன்னாசிராஜ், கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்.

'மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு. பொருள்: ஜானி உண்டது குறித்து. முந்தாநாள் மாலை விழுப்புரத்தில் நான் கோழி வறுவல் உண்டேன். ஜானியின் முகம் நினைவுக்கு வரவே, எலும்புகளைப் பொட்டலம் கட்டி வந்து அதற்குப் போட்டேன். எலும்புகள் ஏழு. எப்படியாவது காப்பாற்றுங்கள். என் குடும்பத்தாருக்குத் தெரியவேண்டாம்.'

உறையில் போட்டார். பசை தடவி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தி ஒட்டினார்.

வெளியே வந்தபோது சகாயசெல்வியும் வெனிலாவும் பின்சீட்டில் ஜானியை மடியில் கிடத்தியிருந்தார்கள். இன்னாசிராஜ் முன்பக்கமாகப் போய்க் குனிந்து, உறையைத் திருமுருகன் கையில் திணித்தார்.

"போனதும் இத டாக்டர் கையில குடுத்துடுப்பா. நாங்க உள்ள போறதுக்கு முன்னாடி. யாருக்கும் தெரியக்கூடாது."

திருமுருகன் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அவர் காதோரம் சொன்னான்:

"குடுத்துடறேன் சார். அக்காவும் பாப்பாவும் இப்பதான் ஆளுக்கு ஒரு கவரு குடுத்து, இதையேதான் சொன்னாங்க."