தலைகீழ் சூசையப்பரும் அணையும் மெழுகுவத்தியும்

போலந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த பார்மா ஊரில் வீடு விற்க வேண்டுமானால் இரண்டு பேருடைய தயவு வேண்டும். ஒருவர் சூசையப்பர். அவருடைய குட்டிச் சிலை ஒன்றை, 'விற்பனைக்கு' பலகையின் காலடியில் தலைகீழாகப் புதைக்க வேண்டும். மூச்சு முட்டிப்போய், வெளியே வருவதற்காகவாவது வீட்டை விற்றுக் கொடுத்துவிடுவாராம். புனிதரையே மிரட்டி வேலை வாங்கும் ஊர் இது. இன்னொருவர் மார்வின் ஸ்லேட். இவரைப் புதைக்க வேண்டியதில்லை; செக் எழுதிக் கொடுத்தால் நேராகவே நிற்பார்.

ஸ்லேட் முன்பு பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவர். ஓடாத காரை ஓடும் என்று சொல்லிச் சலித்துப்போய், இல்லாத ஆவியை ஓட்ட வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு, கையில் மெழுகுவத்தி, வாயில் பெருமூச்சு. வாசலில் மெழுகுவத்தியைக் கொளுத்தி அறை அறையாக நடப்பார். எந்த இடத்தில் அது தானாக அணைகிறதோ, அங்கே பழைய துக்கம் குடியிருக்கிறது என்று பொருள். துக்கத்தை வெளியேற்றக் கட்டணம் தனி. வெளியேறிவிட்டதென்று ஜன்னலில் ஒட்ட ஒரு சான்றிதழும் தருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஜனம் கோயில் வாசலிலிருந்து நேரே அவர் போகும் வீட்டுக்குத்தான் போகும். மடக்கு நாற்காலியோடு வருகிறவர்களும் உண்டு.

வெர்னா ஸ்டகோவியாக்குக்கு வீட்டை விற்றே ஆகவேண்டும். கணவன் எல்மருக்கு நெஞ்சில் சளி கட்டி, படியேறினால் மூச்சிரைக்கிறது. வறண்ட காற்றுள்ள ஊருக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு காத்திருக்கிறது. ஆனால் அது மாதக் கடைசி வரைக்கும்தான் காத்திருக்கும். இந்த வீட்டையோ திறந்து வைத்துக் காட்டிய ஞாயிறெல்லாம் வந்தவர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனதோடு சரி. எல்மர் இருமும்போதெல்லாம் வெர்னா நாட்காட்டியைப் பார்த்தாள்.

வீட்டுத் தரகர் பெண் சொன்னதையெல்லாம் வெர்னா செய்தாள். குடும்பப் படங்களைக் கழற்றினாள். எல்மர் பௌலிங் ஆட்டத்தில் வென்ற கோப்பைகளைப் பெட்டியில் அடைத்தாள். சுவருக்கு வெள்ளை அடித்தாள். சூசையப்பரைப் பலகையடியில் தலைகீழாகப் புதைத்தாள். முட்டைக்கோஸ் வேகவைப்பதை அறவே நிறுத்தினாள். போலந்து வீட்டில் அது ஏறக்குறைய துறவறம். ஒன்றை மட்டும் செய்யவில்லை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்ய எடுத்து வைத்த பணம் ஸ்லேட்டிடம் போய்ச் சேர்ந்தது. முதல் பரிசோதனையில் அவருடைய மெழுகுவத்தி அடித்தள அறையில் அணைந்திருந்தது. அங்கே அடிக்கிற வாடை, பழைய கண்ணீரின் வாடையாம்.

எல்மரின் தங்கை இர்மா திரைச்சீலை மாட்ட உதவிக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டே இறங்கிவிட்டாள்.

"யாரோட கண்ணீராம் அண்ணி? இந்த வீட்டைக் கட்டிக் குடி வந்ததே எங்க அப்பா அம்மா. எங்க அம்மா ஒரு நாள் அழுததில்ல. மத்தவங்களைத்தான் அழ வச்சாங்க. உனக்குத் தெரியாதா?"

வெர்னாவுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"மெழுகுவத்தி அணைஞ்சதை என் கண்ணால பாத்தேன் இர்மா."

"நீ மெழுகுவத்தியைப் பாத்தே. அந்த ஆளு எதைப் பாத்தான்?"

"அப்பப்ப வாட்சைப் பாத்தாரு. பெரிய மனுஷன், நாலு இடத்துக்குப் போகணும்."

"பேய் என்ன பஸ்ஸா அண்ணி, நேரம் பாத்து வர்றதுக்கு? குழாய் உடைஞ்சு மழைத்தண்ணி செவுத்தோரமா இறங்குது. கீழ ஊறி நாறுது. அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை அவர் வந்து கடைசியா ஒருதடவை பாத்துச் சான்றிதழ் குடுத்துட்டாப் போதும். நீ வாயை மூடிட்டு இரு, உங்க அண்ணனுக்காகவாவது" என்றாள் வெர்னா. குரல் உடைந்தது. இர்மா மறுபடி நாற்காலியில் ஏறித் திரைச்சீலையை மாட்டினாள்.

ஞாயிறும் வந்தது. அடுப்பில் லவங்கப்பட்டை போட்ட ஆப்பிள் கேக் மணந்தது. எல்லா விளக்கும் எரிந்தன. வாங்க வந்தவர்கள் ஒரே ஒரு ஜோடி: இளம் வயசுக்காரன் ஒருவன், அவன் மனைவி கெண்ட்ரா. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் புல்தரை நிறைய. முன்வரிசையில் எதிர்வீட்டு ஓல்கா. ஸ்லேட்டின் சான்றிதழை ஜன்னலில் ஒட்டி வைத்துக்கொண்டு, இன்னமும் வீடு விற்காமல், இன்னமும் அவரை நம்புகிறவள்.

ஸ்லேட் மெழுகுவத்தியைக் கொளுத்தினார். கூடத்தில் நடந்தார். படுக்கையறையில் விட்டத்தைப் பார்த்து நின்றார். வாட்சைப் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் நுழைந்தார். கெண்ட்ரா அலமாரிக் கதவைத் திறந்து, "எவ்வளவு இடம்!" என்று சொல்லி வாய் மூடவில்லை. சுடர் சுருங்கியது. அணைந்தது.

"துக்கம் மேல ஏறிடுச்சு," என்றார் ஸ்லேட் உருக்கமாக. "வெர்னா, இதுக்குப் பெரிய சுத்திகரிப்பு பண்ணணும். இப்பவே பண்ணலேன்னா, இங்க வர்ற குடும்பத்துக்கு நான் பொறுப்பில்ல."

கெண்ட்ராவின் கணவன் அவள் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். அரிசோனா கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வெர்னா பறக்கப் பறக்கச் செக் புத்தகத்தைத் தேடினாள். வாங்க வந்தவர் முன்னால் ஏன் அணைகிறது என்று அவள் யோசிக்கவில்லை. அப்போதுதானே விற்கிறவள் பேரம் பேசமாட்டாள்!

"ஒரு நிமிஷம் அண்ணி," என்றாள் இர்மா. "ஐயா, இந்தத் துக்கம் வீட்டுக்குள்ள மட்டும்தானே இருக்கும்? வெயில்ல வராதே?"

"வாசல்படியைத் தாண்டவே தாண்டாது," என்றார் ஸ்லேட் கம்பீரமாக. கார் விற்ற காலத்திலும் இப்படித்தான், அளவுக்கு மேல் ஒரு வார்த்தை பேசித்தான் மாட்டிக்கொள்வாராம்.

"அப்ப உங்க பையிலேர்ந்து புதுசா ஒண்ணு குடுங்க. வெளியில, வெயில்ல கொளுத்தி வைப்போம். பக்கத்துல எங்க மெழுகுவத்தி ஒண்ணு, பனிப்புயல்ல கரண்ட் போனா ஏத்துறது. காத்து படாம ரெண்டையும் ஊறுகாய் பாட்டில்ல வச்சிடலாம். வெளியிலதான் பேயே இல்லையே, உங்களுது நின்னு எரியணும் இல்லியா?"

ஸ்லேட் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "புனிதமான பொருள்மா. விளையாட்டுக்கு இல்ல."

ஓல்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இவ வாயை அடைக்க வேண்டாமா? கொளுத்திக் காட்டுங்க!" என்று பையிலிருந்து தானே ஒன்றை உருவிக் கொண்டு ஓடினாள். எதிரியிடமிருந்து தப்பிவிடலாம். பக்தையிடமிருந்து எங்கே தப்புவது?

கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பாட்டில்களிலும் சுடர் எரிந்தது. ஜனம் சுற்றி நின்று கேக் தின்றது. ஸ்லேட் வாட்சைப் பார்த்தார். வெர்னா முதல்முறையாக மெழுகுவத்தியைப் பார்க்காமல் ஸ்லேட்டைப் பார்த்தாள். அவர் நெற்றி வேர்த்தது. அவருடைய சுடர் சுருங்கியது. அணைந்தது. கரண்ட் போனால் கொளுத்துவது ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"துக்கம் வாசலைத் தாண்டி ஊறுகாய் பாட்டிலுக்குள்ள புகுந்துடுச்சு போல," என்றாள் இர்மா.

அணைந்த மெழுகுவத்தியை எடுத்து வெர்னாதான் இரண்டாக ஒடித்தாள். உள்ளே திரியே இல்லை. மேலே சுண்டுவிரல் நகமளவு கருகிய திரி. அதற்குக் கீழே வெறும் மெழுகு. திரி எரிந்து தீரும் நேரத்தைத்தான் அவர் வாட்சில் பார்த்துக்கொண்டிருந்தார். ஓல்கா அதை வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். நேரே தன் வீட்டுக்குப் போய் ஜன்னலிலிருந்து சான்றிதழைக் கிழித்தாள். அதற்குள் ஸ்லேட் காரில் ஏறியிருந்தார். கார் உடனே கிளம்பவில்லை. அவர் விற்ற ரகம்.

கெண்ட்ரா மட்டும் போகாமல் நின்றாள்.

"பேய் இல்லேன்னு ஆயிடுச்சு. கீழ வாடை அடிக்குதே, அது என்ன?"

வெர்னா ஒரு கணக்குப் போட்டாள். மறைத்தால் மாட்டிக்கொள்வோம், சொன்னால் ஓடிவிடுவார்கள். எல்மர் ஜன்னல் ஓரத்தில் இருமினார். அவள் சொல்லிவிட்டாள். "கூரைத் தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்கும்மா. செவுரு ஊறுது. அதைச் சரிபண்ற காசைத்தான் இந்த ஆளுக்குக் குடுத்தேன்."

கெண்ட்ராவின் கணவன் சிரித்துவிட்டான். "குழாயா? அது எனக்கே மாட்டத் தெரியும். பேய்னு சொன்னதும்தான் பயமா இருந்துச்சு. அந்தச் செலவை விலையில கழிச்சுக்கலாமா?"

"கழிச்சுக்கோ தம்பி!" என்று வெர்னாவை முந்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினார் எல்மர்.

சாயங்காலம் தரகர் பெண் பலகையில் 'விற்றாயிற்று' என்று ஒட்டிவிட்டுப் போனாள். வெர்னா கரண்டியால் மண்ணைத் தோண்டிச் சூசையப்பரை வெளியே எடுத்தாள். குழாயடியில் கழுவிச் சமையலறை மேடையில் நிறுத்தினாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஓல்கா வந்து நின்றாள்.

"பாத்தியா வெர்னா? ஸ்லேட் போனாப் போறான். என்ன இருந்தாலும் சூசையப்பர் கைவிடல. எனக்கு அந்தச் சிலையைக் குடேன், என் பலகைகிட்டப் புதைக்கிறேன்."

வெர்னா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இவரு தலைகீழா நின்னது போதும் ஓல்கா. நாமளும் கொஞ்சம் நேரா நிப்போம். உன் வீட்டுல எந்தக் குழாய் உடைஞ்சிருக்கு, வா, போய்ப் பாக்கலாம்."