அஞ்சுக்கு அஞ்சு

“புதுசா இருக்கே” என்றாள் மலர்க்கொடி.

வீரமலை திரும்பவில்லை. ஈரத் துணியால் பின்னறை டிவியின் இடது மூலையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“எது?”

“நீங்க ஒரு பொருளைத் தொடைக்கிறது.”

“தூசி இருக்கு மலரு.”

“அது ஓடி ரெண்டு வருஷம் ஆச்சு. படமே வராத டிவிக்கு எதுக்குங்க முகம் கழுவி விடுறீங்க?”

“கண்ணாடி சுத்தமா இருந்தாத்தான் சவுண்டு ஒழுங்கா திரும்பி வரும். உனக்குச் சொன்னாப் புரியாது.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். நீளமாகப் பேசும் மலர்க்கொடியால் யாருக்கும் ஆபத்து வந்ததில்லை. ஒற்றை வார்த்தை பேசும் மலர்க்கொடி வேறு ஆள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த விஷயம் அவனைத் தவிர அவர்களுடைய உறவினர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. மலர்க்கொடி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். பிள்ளைகள் கூடத்தில் தொடங்கி, சாப்பாட்டு மேஜையின் அடியில் புகுந்து, சமையலறை வாசல்வரை உட்கார்ந்திருப்பார்கள். குக்கர் விசில் அடித்தால் முக்கோணவியல் நின்றுவிடும். பின்னறையைக் கேட்டாள். அது இசையறை என்றான் வீரமலை.

இசை என்று அவன் சொன்னது ஒரு பெட்டியை. கிதாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப். ஊரில் எல்லோருடைய ஆம்பும் சிப்பில் செய்யும் வேலையை அவனுடையது பழைய வால்வு ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய்களில் செய்தது. பின்பக்கம் இரண்டு பெரிய பவர் டியூப் செருக வேண்டும். எந்த ஜாதி டியூபையும் ஏற்றுக்கொள்ளும் ஆம்ப் அது. வீரமலையிடம் மூன்று ஜாதி இருந்தன. இஎல்34 ஒல்லி. 6எல்6 நடுத்தரம். கேடி88 குண்டு. மலர்க்கொடி அவற்றை முருங்கைக்காய், கத்திரிக்காய், பூசணிக்காய் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் ஒவ்வொன்றாகச் செருகி, ஒரே நாலு ஸ்வரத்தை வாசிப்பான். ஒல்லியிடம் உறுமல் இருக்கிறது என்பான். நடுத்தரத்திடம் மணி. குண்டிடம் விசாலம். நாலு ஸ்வரத்தைத் தாண்டி அவன் வாசித்து யாரும் கேட்டதில்லை. ஐந்தாவது வருவதற்குள் டியூப் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிடும். திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தான். அடுத்தவன் வைத்த வெல்டிங்கில் குறை கண்டுபிடிப்பது உத்தியோகம். அந்தப் பழக்கத்தை வீட்டில் சத்தத்தின்மேல் வைத்துக்கொண்டான். சட்னிமேல் வைத்துப் பார்த்த காலமும் உண்டு. அது அதிக நாள் நீடிக்கவில்லை.

போன ஞாயிறு பீமராவ் வந்திருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், சித்திரை வீதிக்காரர், அவரும் டியூப் பைத்தியம். அவருக்கு எதிரே வைத்துத்தான் மலர்க்கொடி கேட்டாள்.

“பார்க்காம, வெறும் காதால, இது எந்த டியூப்னு சொல்லிடுவீங்களா?”

“பக்கத்து ரூம்ல இருந்தே சொல்வேன்.”

“ரூமெல்லாம் தாண்ட வேணாம். முதுகைக் காட்டி உக்காருங்க. அஞ்சு தடவை. நான் மாத்தி மாத்தி வைக்கிறேன். அஞ்சும் காதால கேட்டுச் சரியாச் சொல்லிட்டா ரூம் உங்களுக்கு, ஆயுசுக்கும் கேக்க மாட்டேன். இல்லேன்னா ரூம் என் பிள்ளைங்களுக்கு, பெட்டி சாரோட வீட்டுக்கு. சரியா சார்?”

“அடியேனுக்கு ஆட்சேபணை இல்லே சிஸ்டர்” என்றார் பீமராவ். எப்படிப் போனாலும் அவருக்கு நஷ்டமில்லை.

வீரமலை அந்த வாரம் முழுக்கப் பெருமை பேசினான். “காதுன்னா அது காது. பயிற்சி வேணும்.” புதன்கிழமை மலர்க்கொடி கடைவீதிக்குப் போன சமயம், மூன்று டியூபின் சத்தத்தையும் செல்போனில் பதிந்து, கலைத்துப் போட்டுக் கேட்டான். எல்லாம் தப்பு. செல்போன் சரியில்லை என்றான், தன்னிடமே. மறுநாள் ஹெட்போன் வைத்துக் கேட்டான். வோல்டேஜ் சரியில்லை. வெள்ளிக்கிழமை எதுவும் பழுதாகக் கிடைக்கவில்லை. சும்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான், அணைந்த டிவியின் கறுப்புக் கண்ணாடிக்குள் பின்னால் இருந்த ஆம்ப் தெரிந்தது. அதன் திறந்த முதுகும், உள்ளே கங்கு மாதிரி எரிந்த இரண்டு டியூபும், ஒல்லி என்று சொல்லிவிடும் அளவுக்குத் தெளிவாக.

ஆகவே சனிக்கிழமை துணி. ஆகவே தூசி.

ஞாயிறு பத்து மணிக்கு பீமராவ் வந்தார். வீரமலை ஜன்னல் திரையை இழுத்து மூடினான். “வெளிச்சம் இருந்தா காது திறக்காது சார்” என்றான். டிவிக்கு எதிரே நாற்காலி போட்டுக் கிதாரோடு உட்கார்ந்தான். பின்னால் ஆம்பை, அதன் முதுகு தன் பக்கம் இருக்கும்படி, ஸ்டூலில் வைத்தாயிற்று.

“டியூப் மாத்த உனக்கு வசதியா இருக்கட்டும்னுதான்.”

“என்மேல எவ்வளவு அக்கறை” என்றாள் மலர்க்கொடி. கையில் கரித்துணி. “வயரைக் குடுங்க, நானே மாட்டிக்கிறேன். சுவிட்சு எப்படின்னு இன்னொரு தடவை சொல்லுங்க.”

“மாத்தும்போது மெயினை அணைச்சிடணும். ஆறினப்புறம்தான் டியூபைத் தொடணும். புதுசு செருகினதும் மெயினைப் போட்டு ஸ்டாண்ட்பையில வையி. அப்ப டியூப் எரியும், சத்தம் வராது. நல்லா சூடானதும் ஸ்டாண்ட்பையை எடுத்துடு.”

“எரியும், சத்தம் வராது. இந்த வீட்டுல என்னைய மாதிரி.”

பீமராவ் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாதத்தைக் கேட்கும்போது அவர் கண்ணைத் திறப்பதில்லை. தூக்கத்துக்கும் அவர் அதே ஏற்பாட்டைத்தான் வைத்திருந்தார்.

பின்னால் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. கட்டிலிலிருந்து தரைவரை தொங்கிய போர்வை சரசரத்தது. “ம், வாசிங்க.”

டிவிக்குள் இரண்டு ஒல்லிகள் எரிந்தன. வீரமலை நாலு ஸ்வரம் வாசித்தான். உடனே சொன்னால் நன்றாக இருக்காது என்று புருவத்தைச் சுருக்கினான். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தான்.

“நடுவுல ஒரு உறுமல் இருக்கு சார், கவனிச்சீங்களா? இஎல்34.”

“முருங்கைக்காய். சரி.”

“பலே” என்றார் பீமராவ், கண்ணைத் திறக்காமல்.

டியூப் ஆறுவதற்குள் காபி வந்தது. இரண்டாவது தடவை டிவிக்குள் குண்டு. “எவ்வளவு விசாலம்! காவிரியில ஆடி மாசம் தண்ணி வர்ற மாதிரி. கேடி88.” சரி. மூன்றாவது தடவை மலர்க்கொடி நிறைய சத்தப்படுத்தினாள்; டிவிக்குள் குண்டு இடத்தைவிட்டு அசையவில்லை. வீரமலை சிரித்தான். “மாத்துற மாதிரி நடிச்சா காது ஏமாந்துடுமா மலரு? அதே பூசணிதான்.”

“சரிதாங்க. பயங்கரமான ஆளுதான் நீங்க.”

அந்தப் பாராட்டு அவனுக்குத் தலைக்கேறிவிட்டது. நாலாவதில் மணியோசையைப் பற்றி அவன் பேசிய நேரத்தில் இன்னொரு டியூபே ஆறியிருக்கும்.

“டிரான்சிஸ்டர் பெட்டியிலே இந்த உயிர் வருமாய்யா?” என்றார் பீமராவ். “தகர டப்பாவைத் தட்டினாப்பலே இருக்கும்.”

“அதை ஏன் சார் கேக்கறீங்க. நம்ம அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல ஒரு ஸ்பீக்கர் பெட்டி வெச்சிருக்காங்க, சக்கரம் வெச்சு, கலர் லைட்டெல்லாம் போட்டு. செக்ரட்டரி லூர்துராணி அதுல மைக்கைப் பிடிச்சா எனக்குக் காது குடையும். ரெண்டு நாளைக்கு வலி.”

“இப்ப வலிக்குதாங்க?” என்றாள் மலர்க்கொடி பின்னாலிருந்து.

“இப்பவா? தேன்.”

ஐந்தாவதும் ஒல்லி. ஐந்தாவதும் சரி. வீரமலை கிதாரை மடியிலிருந்து இறக்கினான். பீமராவ் கண்ணைத் திறந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. அந்தப் பெட்டிக்கு வீட்டில் இடம் ஒழித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“அஞ்சுக்கு அஞ்சு” என்றான் வீரமலை. “பிள்ளைங்களை மொட்டை மாடியில வெச்சுக்க மலரு. காத்து நல்லா வரும்.”

“சரிங்க. கொஞ்சம் திரும்பிப் பாருங்க.”

திரும்பினார்கள். ஆம்ப் ஸ்டூலில் இருந்தது. டியூப் இரண்டும் அழகாக எரிந்தன. கிதாரிலிருந்து புறப்பட்ட வயர் ஸ்டூலைத் தொடாமல் ஒதுங்கிப் போய், கட்டில் போர்வைக்கு அடியில் நுழைந்தது. மலர்க்கொடி காலால் போர்வையை ஒதுக்கினாள். உள்ளே அசோசியேஷன் பெட்டி. சக்கரம் இருந்தது. கலர் லைட்டை மட்டும் அணைத்து வைத்திருந்தாள்.

“டியூபை நான் ஒழுங்காத்தான் மாத்தினேன், மூணாவது தடவை தவிர” என்றாள். “ஆனா ஸ்டாண்ட்பையை எடுக்கவே இல்லீங்க. காலையில இருந்து உங்க பெட்டி வாயே திறக்கலை. அஞ்சு தடவையும் சத்தம் வந்தது இதுல. அஞ்சும் சரியாச் சொன்னீங்களே, எப்படிங்க சொன்னீங்க?”

வீரமலை யோசித்தான். காதால் என்று சொல்ல முடியாது. காதால் இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு பதில் இருக்கும் என்று அவன் முகம் சிறிது நேரம் நம்பியது. ஒன்றையாவது தப்பாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தப் புத்தி இப்போது வந்து என்ன செய்வது?

“ரொம்ப இருட்டா இருக்கே” என்றாள் மலர்க்கொடி. “டிவியைப் போடட்டுமா?”

“அது ஓடாது” என்றான் அவன், ஈனக்குரலில்.

“எனக்கு அப்பவே தட்டுப்பட்டுது” என்றார் பீமராவ். “நாலாவது வாட்டியே ஒரு தகர வாடை வந்துது. மனுஷாளைப் புண்படுத்த வேண்டாமேன்னு பேசாம இருந்துட்டேன்.” பேசிக்கொண்டே ஆம்பின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். “டியூபெல்லாம் தனியா ஒரு பையிலே குடுத்துடுங்கோ சிஸ்டர்.”

“முருங்கைக்காய் இன்னும் சூடா இருக்கு சார். இந்தத் துணியையும் வெச்சுக்கங்க.”

லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியை மூன்று மாடி இறக்கியது வீரமலை. பீமராவ் பின்னால் டியூப் பையோடு, மெதுவா, இடிச்சுடாதே, அது சுவாசிக்கிற ஜீவன் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து திருவெறும்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அவன் கதவைத் திறந்தபோது கூடம் காலியாக இருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் யாரும் இல்லை. பின்னறை நிறைய பிள்ளைகள். மலர்க்கொடிக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மைக் வைத்துப் பேசினாள். அறை வாசலோரம் அசோசியேஷன் பெட்டி. அதன் வழியாக சைன் தீட்டா, காஸ் தீட்டா எல்லாம் சீறிக்கொண்டு வந்தன.

“பக்கத்துல இருக்கறவன் நோட்டைப் பார்த்து எழுதினா எனக்குத் தெரியும்” என்றது பெட்டி. “விடை சரியா இருந்தாலும் எப்படி வந்துச்சுன்னு கேப்பேன்.”

வீரமலை சாப்பாட்டுப் பையுடன் அந்த வாசலைத் தாண்டிப் போனான். நின்றான். இரண்டடி பின்னால் வந்தான். குனிந்து, பெட்டியின் மேல், சீறலைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழை ஒரு நூல் அளவு இடது பக்கம் திருப்பினான்.

“அடுத்த கணக்கு” என்றாள் மலர்க்கொடி.