நாளைக்கு மூன்று ஸ்தோத்திரம்

“இயேசப்பா, அழுக்குத் துணியையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளினதுக்காக ஸ்தோத்திரம்.”

முழங்காலில் நின்று கண்ணை மூடியிருந்த எழிலரசி மெதுவாக ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். ஐந்து வயது சிந்துஜா கைகளைக் கூப்பி, நெற்றியைச் சுருக்கி, அடுத்ததை யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், அன்று ஊரிலிருந்து வந்திருந்த கணவனின் அக்கா சாராள் அண்ணி, ஆடாமல் அசையாமல் இருந்தார்.

“உண்ணாமலை ஆன்ட்டி வீட்டு நாற்காலி ரெண்டும், பூப்போட்ட பெட்ஷீட்டும் நம்ம வீட்டுக்கு வந்ததுக்காக ஸ்தோத்திரம். அத்தை ஊருக்குப் போற வரைக்கும் அம்மா என்னை அடிக்க மாட்டேன்னு சொன்னதுக்காக ஸ்தோத்திரம்.”

“ஆமென்!” என்று கத்தினான் இரண்டு வயது வளவன். அவனுக்குத் தெரிந்த ஒரே ஜெபம் அதுதான்.

இந்த மூன்று ஸ்தோத்திரப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே எழிலரசிதான். மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒவ்வொருவரும் அன்றைய நாளுக்காக மூன்று நன்றி சொல்ல வேண்டும். சிந்துஜா தினமும் “சோறு, அப்பா, அம்மா” என்று ஒப்பித்துவிட்டு எழுந்துகொண்டதால், நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது என்று இரண்டு சட்டங்களையும் சேர்த்தாள். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாராட்டுகூட வாங்கியிருந்தாள். அன்றிலிருந்து சிந்துஜா நாள் முழுக்கக் கண்ணையும் காதையும் திறந்துவைத்துக்கொண்டு நன்றி தேடி வீடெல்லாம் அலைந்தாள்.

கடைசியாகச் சாராள் ஜெபித்தார். “ஆண்டவரே, இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம்.” அவ்வளவுதான். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

சமையலறையில் எழிலரசி கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா? மூணு சொல்றதுக்கு நம்ம வீட்டுல அவங்களுக்கு ஒண்ணுதான் கெடைச்சுது. அதையும் எப்படிச் சொன்னாங்க பாருங்க.”

“நல்லாத்தானே சொன்னாங்க?”

“குத்திக் காட்டறது உங்களுக்கு எங்க புரியும்? இன்னிக்கே கேட்டுடுங்க. உங்க அக்காதானே?”

“அதான் பிரச்சனையே,” என்றான் ஏசுபாதம். “அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எனக்குத் தலை வாரி விட்டவங்க. அவங்க முன்னாடி நின்னா எனக்கு இன்னும் கால்சட்டை போட்ட மாதிரியே இருக்குது. நீ கேளு எழில்.”

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எழிலரசி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளர். அடுத்த திங்கட்கிழமை அவள் பவானிசாகரில் இருக்க வேண்டும். அங்கேயே தங்கி இரண்டு மாதப் பயிற்சி. அதை முடித்தால்தான் வேலை நிரந்தரம். வளவன் வயிற்றில் இருந்தபோது ஒரு முறை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு முறை நடக்காது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஏசுபாதத்துக்குக் கீழ்பென்னாத்தூர் பள்ளியில் வாத்தியார் வேலை. காலை ஏழரைக்குப் போனால், பத்தாம் வகுப்புக்குத் தனி வகுப்பும் முடித்து, வீடு திரும்ப ஏழாகும். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட எல்லம்மாள் மகள் பிரசவத்துக்கென்று போய்விட்டாள். எழிலரசிக்கு அம்மா இல்லை.

அந்த நேரத்தில்தான் சாராளிடமிருந்து தபால் அட்டை வந்தது. ‘வெள்ளிக்கிழமை வருகிறேன். இரண்டு நாள் இருப்பேன்.’ வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் விடுதியில் முப்பது வருஷம் வார்டனாக இருந்து, இரண்டு மாதம் முன்பு ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருநூறு பெண்பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்தவருக்கு இரண்டு பிள்ளைகள் எம்மாத்திரம்? ஆனால் வீடு சுத்தமாக இருக்க வேண்டும், பிள்ளைகள் ஒழுங்காக இருக்க வேண்டும், அவர் மனம் குளிர்ந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று எழிலரசி திட்டம் போட்டிருந்தாள்.

அந்தத் திட்டத்தின் மேல்தான் சிந்துஜா கூப்பிய கைகளோடு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழிலரசி எழுந்தபோது, கட்டிலுக்கு அடியில் கிடந்த துணி முழுவதும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. முந்தின இரவே தேய்த்துக் கவிழ்த்திருந்த பாத்திரங்களைச் சாராள் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ அண்ணி, நீங்க ஏன் இதெல்லாம்?”

“சும்மா உக்காந்து எனக்குப் பழக்கம் இல்லம்மா. அந்த நாற்காலி ரெண்டையும் பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன். பாய் போதாதா நமக்கு?”

எழிலரசிக்குக் காது வரைக்கும் சூடேறியது. நேராக உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பி உட்கார வைத்தாள்.

“இதோ பாரு சிந்து, வீட்டுல நாம செய்யறதெல்லாம் ஜெபத்துல சொல்லக் கூடாது. இயேசப்பா செஞ்சத மட்டும்தான் சொல்லணும்.”

“இயேசப்பாதான் செஞ்சாருன்னு எப்படிம்மா தெரியும்?”

“நாம ரொம்பக் கஷ்டத்துல இருக்கறப்போ திடீர்னு ஒரு நல்லது நடக்கும் பாரு. அது அவர் செஞ்சது.”

சிந்துஜா தலையாட்டினாள். விஷயம் அவளுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

அன்று மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு. கறி பாதி வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்தது. மாற்று சிலிண்டர் வர இன்னும் நாலு நாள். மணி பன்னிரண்டரை. எழிலரசி அடுப்பைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினாள். ஏசுபாதம் சத்தம் போடாமல் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். இருபது நிமிஷத்தில் ஓட்டல் குழம்பு வந்தது. அதை வீட்டுச் சட்டியில் ஊற்றி, மேலே கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள். வேகாத கறி அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

“கொழம்பு நல்லா இருக்குது எழிலு,” என்றார் சாராள்.

எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மாலை ஏழு மணி. சிந்துஜா கையைக் கூப்பினாள்.

“இயேசப்பா, கேஸ் தீர்ந்து அம்மா அழுதாங்க. அப்போ நீங்க ஓட்டல்லேர்ந்து கொழம்பு அனுப்பினதுக்காக ஸ்தோத்திரம்.”

ஏசுபாதம் இருமினான்.

“அப்பாவுக்கு இருமல் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம். வேகாத கறி அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருக்குது. பூனை அத இன்னும் பாக்காததுக்காக ஸ்தோத்திரம்.”

“ஆமென்!” என்றான் வளவன்.

சாராள் ஜெபம் முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு நேராகப் போய் மூட்டைக்குப் பின்னால் கையை விட்டுச் சட்டியை எடுத்தார், மோந்து பார்த்தார், பரணில் எல்லோரும் மறந்துபோயிருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கித் துடைத்துப் பற்றவைத்தார். அரை மணி நேரத்தில் தெருவே மணக்கும்படி ஒரு கறி வறுவல் தயாரானது. பிள்ளைகள் தட்டை நக்கின. ஏசுபாதம் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டான்.

“போதும், நிறுத்துங்க,” என்று அவன் காதில் சொன்னாள் எழிலரசி. “எனக்குச் சமைக்கத் தெரியலன்னு அவங்க சொல்லிக் காட்டறாங்க. நீங்க அதுக்கு மார்க் போடறீங்க.”

“கறி நல்லா இருக்குது எழில். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

“நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் கேட்டுடணும். சாயங்காலம் அவங்க கெளம்பிடுவாங்க.”

“நாளைக்கு மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை ஆச்சே,” என்றான் ஏசுபாதம், மெல்லுவதை நிறுத்திவிட்டு.

இருவரும் சிந்துஜாவைப் பார்த்தார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சபைக்கு முன்னால் வரிசையாக நின்று ஆளுக்கு மூன்று நன்றி சொல்வார்கள். மைக்கில். எழிலரசியின் வீட்டுப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுப் போதகர் ஐயா போன மாதம்தான் அதை ஆரம்பித்து வைத்திருந்தார்.

ஞாயிறு காலை எழிலரசி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே பாடம் நடத்தினாள்.

“சூரியன், மழை, ஆட்டுக்குட்டி. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரக்கூடாது.”

“நம்ம வீட்டுல ஆட்டுக்குட்டியே இல்லியேம்மா?”

“உலகத்துல இருக்குதில்ல? சொல்லு. ஒழுங்காச் சொன்னா தேன்மிட்டாய் பாக்கெட்டு முழுசா உனக்குத்தான்.”

சிந்துஜா பதினோரு முறை சொல்லிக் காட்டினாள். பதினோரு முறையும் தப்பே இல்லை. எழிலரசிக்கு உயிர் வந்தது.

“என்னங்க, கோயில்லேர்ந்து வர்ற வழியிலேயே பேச்ச ஆரம்பிங்க. நான் பின்னாடியே வந்து சேந்துக்கறேன்.”

“நீ ஆரம்பி. நான் பின்னாடி வந்து சேந்துக்கறேன்.”

“ரெண்டு பேரும் பின்னாடி வந்தா முன்னாடி யாருங்க வர்றது?”

கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் எழிலரசியும் சாராளும் உட்கார்ந்தார்கள். வளவன் அம்மா மடியில் இருந்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக்குக்கு வந்தார்கள். சிந்துஜாவுக்கு முன்னால் நின்ற பையன் தன் மாமா வீட்டு ஆட்டுக்குட்டிக்காக ஆண்டவருக்கு விலாவாரியாக நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

எழிலரசி மடியிலிருந்த வளவனோடு பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

“சூரியனுக்காக ஸ்தோத்திரம்,” என்றாள் சிந்துஜா. “மழைக்காக ஸ்தோத்திரம்.” பிறகு நின்றாள். மைக்கில் அவள் மூச்சு சபை முழுக்கக் கேட்டது. “ஆட்டுக்குட்டிய அவன் சொல்லிட்டான். ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் சொல்லக் கூடாது.”

“வேற ஏதாவது சொல்லும்மா,” என்றார் போதகர் ஐயா அன்பாக. “ஆண்டவர் உனக்குச் செஞ்சதுல எதையாவது சொல்லு.”

சிந்துஜா கண்ணை இறுக மூடினாள்.

“அம்மா பவானிசாகர் போகலன்னா வேலை போயிடும். போனா அத்தைதான் எங்களப் பாத்துக்கணும். அத அத்தை கிட்ட கேக்கறதுக்கு அம்மாவுக்கும் பயம், அப்பாவுக்கும் பயம். எனக்கு மட்டும் பயமே குடுக்காததுக்காக ஸ்தோத்திரம்.”

அம்மா மடியிலிருந்து வளவன் குரல் கொடுத்தான்.

“ஆமென்!”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மலாக மாற்றினார்கள். ஆண்கள் பக்கம் ஏசுபாதம் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். எழிலரசி பக்கவாட்டில் பார்த்தாள். சாராள் முந்தானையைத் தலையிலிருந்து முகம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். ஆராதனை முடியும் வரை அது விலகவே இல்லை.

வெளியே வந்ததும் சாராள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வர்றேன்.”

வீட்டுக்கு வந்ததும் எழிலரசி கட்டிலில் சரிந்து உட்கார்ந்தாள்.

“முடிஞ்சுது,” என்றாள் எழிலரசி. “பஸ்ஸு எத்தன மணிக்குன்னு பாக்கப் போயிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும்கூட இருக்க மனசு வரல.”

“பைய எடுக்காமத்தானே போயிருக்காங்க?”

“பைய எடுக்க வருவாங்க. வந்து, ஒரு வார்த்த பேசாம எடுத்துட்டுப் போவாங்க. முப்பது வருஷம் ஊரான் பிள்ளைங்கள மேய்ச்சு இப்பத்தான் ஓஞ்சு உக்காந்திருக்காங்க. அவங்க தலையில நாம ரெண்ட கட்டப் பாத்தோம். அதையும் ஊரக் கூட்டி மைக்கு வெச்சு சொல்லியாச்சு.”

எழிலரசி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பயிற்சிக்குச் செல்ல இயலவில்லை என்று எழுத ஆரம்பித்தாள். கிடைக்காது என்று தெரிந்த அனுமதியைக் கேட்டு எழுதுவதால், கை வேகமாக ஓடவில்லை. ராத்திரியெல்லாம் சிந்துஜாவைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே படித்துத் தேர்வெழுதி வாங்கிய வேலை. ‘பணிவுடன்’ என்ற சொல்லின் மேல் ஒரு சொட்டு விழுந்து எழுத்தைக் கலைத்தது.

சிந்துஜா வந்து பக்கத்தில் நின்றாள்.

“ரெண்டு ஒழுங்காச் சொன்னேன்மா. அதுக்கு மட்டும் மிட்டாய் குடு.”

எழிலரசி அவளைப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்துபோய் பாக்கெட்டையே எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“பொய் சொல்லத் தெரியாத பொண்ணக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம்,” என்று முணுமுணுத்தாள். அன்றைக்கு வேறு எதற்கு நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் மணிச் சத்தம் கேட்டது. எழிலரசியும் ஏசுபாதமும் எட்டிப் பார்த்தார்கள். சுமை ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஒன்று வீட்டு முன்னால் நின்றிருந்தது. அதன்மேல் ஓர் இரும்புக் கட்டில், ஒரு பீரோ, ஒரு தையல் மிஷின், கயிறு கட்டிய இரண்டு டிரங்குப் பெட்டிகள். வண்டிக்குப் பின்னால், பீரோ சாயாமல் ஒரு கையால் பிடித்தபடி, சாராள் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் ஸ்டாண்டில் சுமை ஏற்றும் இருசப்பன் வண்டியிலிருந்து இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“வெள்ளிக்கிழமையிலேர்ந்து எங்க கொட்டாயிலதாங்க கெடக்குது, எங்க எறக்கட்டும்? ‘விடுதிய காலி பண்ணிட்டு வந்துட்டேன், இங்கேயே இருந்துக்கட்டுமான்னு தம்பிய கேக்கறதுக்கு பயமாருக்குதுப்பா, சாமான் ரெண்டு நாள் உன்கிட்டயே இருக்கட்டும்’னு சொல்லிட்டுப் போனாங்க இந்தம்மா.”