ரேந்தைக்குள் மோடம்

நாலு மணிக்கு மஸ்கட் மாப்பிள்ளை ரெஜிலாவைப் பெண் பார்க்க வருகிறான். விமானத்தில் அல்ல, லேப்டாப்பில். மூன்று மணிக்கு ஒத்திகை பார்த்தபோது திரையில் படம் நின்று நின்று வந்தது.

ரெஜிலாவின் அப்பா ஞானதாசன் களியக்காவிளைப் பக்கம் கணக்கு வாத்தியார். ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவது அவருக்கு மானக்கேடு. மோடத்தின் செட்டிங்கை மாற்றினால் இணையம் பறக்கும் என்று எங்கோ படித்து, நாலு பக்கம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

மோடம் அலமாரி உச்சியில், அவர் மனைவி நேசம்மாள் நூலில் பூப்பூவாகப் பின்னிய ரேந்தைத் துணிக்குள் இருந்தது. டிவிக்கும் மிக்சிக்கும் ரேந்தை போட்டவள் மோடத்தை மட்டும் விடுவாளா?

"இஞ்ச பாருங்க, மேல ஏறி ரேந்தையை அழுக்காக்கப்பிடாது."

"எதுக்குட்டி ஏறணும்? எல்லாம் லேப்டாப்புலயே செய்யலாம்."

மோடத்தின் பக்கத்தைத் திறந்து 'அட்மின், அட்மின்' என்று அடித்தார். வழிவிட்டது. இரைச்சலைத் தாங்க லைனில் விட்டுவைக்கும் இடைவெளியைக் குறைத்தால் வேகம் கூடும் என்றது காகிதம். குறைத்தார். வேகம் கூடியது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, பக்கத்து வீட்டு தேவகுமார் மகனைக் கூப்பிடும் குரல் வந்தது.

"ஏலே சுபின், நெட்டு போச்சுலே!"

மதில் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சில்லாத வீடு. ஞானதாசனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"அவனுக்கும் போச்சா? நல்லா வேணும்."

இடைவெளியைத் தாராளமாகக் கூட்டினார். இப்போது அறுபடவில்லை. ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் நேசம்மாள் ஒரு சட்டி அச்சுமுறுக்கு சுட்டு எடுத்துவிட்டாள்.

"ஏலே, இப்பம் இழுக்குதுலே!" என்றார் தேவகுமார்.

பட்டுச்சேலையோடு நின்ற ரெஜிலாவின் முகம் வெளுத்துவிட்டது. "விட்டுருங்கப்பா. இன்னொரு நாள் பாக்கட்டும்."

பிள்ளைக்கு வெட்கம் என்று அப்பாவுக்கு நெஞ்சு உருகியது. அந்த உருக்கத்தில் நாலாம் பக்கத்தில் புரியாமல் விட்டிருந்த ஒன்றையும் மாற்றினார். நெட்டு அடியோடு செத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் தேவகுமார் மகனைத் திட்டிய வார்த்தைகளை எழுத முடியாது.

மணி மூன்றே முக்கால். ஞானதாசன் மானத்தை விட்டு டெலிபோன் லைன்மேன் ததேயுஸுக்கு போன் போட்டார். பக்கத்துத் தெருவில் கம்பத்தில் இருந்தவர் இறங்கி வந்தார். வந்ததும் நாற்காலியில் ஏறி ரேந்தையை விலக்கினார். மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"சாரே, இது செத்து மாசக்கணக்காச்சே!"

"சும்மா சொல்லாதேயும்! தினமும் நெட்டு ஓடுதே. அஞ்சு மாசத்துக்கு முந்தி கோளாறானப்ப ரெஜிலாதான் சரியாக்கித் தந்தா."

ததேயுஸ் கீழே இறங்கி லேப்டாப்பில் எதையோ தட்டிப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். ரெஜிலாவைப் பார்த்தார்.

"நீங்க மாத்தினது பூரா பக்கத்து வீட்டு மோடத்துலயாக்கும் சாரே. வைஃபை பாஸ்வேர்டு இஞ்ச காட்டுது பாருங்க, 'சுபின் வெட்ஸ் ரெஜிலா'."