ஏப்பக்காரர் எங்கள் வீட்டில் சாப்பிட்ட நாள்

ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இது: "ஆவணி, வியாழன். ஏப்பக்காரர் வந்தார். சாப்பிடவில்லை." ஆண்டு போட மறந்திருக்கிறேன். நாள், கிழமை விஷயத்தில் நான் இப்படி வழுக்குவது அபூர்வம். மாடி அறை கட்டியதற்கு அடுத்த வருஷம் என்பதால் எண்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம்.

கள்ளக்குறிச்சியில் ஒருவரையும் முகம் பார்த்து அடையாளம் தெரியாத ஒரே மனிதர் அவர்தான். மொட்டை மாடியைச் சொன்னால் போதும், வம்சமே தெரியும். கடைத்தெருவில் பலமுறை வணக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாரென்று கேட்டார். ஒருநாள் வீடு இருக்கும் இடத்தைச் சொன்னேன்.

"ஓ, காத்துக் குழாய் வாயில சிமெண்ட்டு வெச்ச வூடா?" என்றார். "பின்னால தெரு மாடியில வேலை செய்றப்ப பாத்தேன். இன்னாங்க சார், மூக்கை அடைச்சிட்டு எப்படி உள்ள குந்திகினு இருக்கீங்க?"

குழாய் வேலை மேஸ்திரியான அவருக்கு ஏப்பக்காரர் என்ற பெயர் வந்த கதை எளிது. கழிவுத் தண்ணீர் இறங்கும்போது அதன் பின்னால் காற்று வர வேண்டும். அதற்குத்தான் மாடிக்கு மேல் வாய் திறந்து நிற்கும் அந்தக் குழாய். காற்று வராவிட்டால், பக்கத்துக் குழாயின் வளைவில் நாற்றத்தைத் தடுத்து நிற்கும் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது எழும் 'களக் களக்' சத்தத்துக்கு அவர் வைத்த பெயர் ஏப்பம். ஏப்பம் விடும் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "வூடே செரிக்காம கெடக்குது, நான் எப்படிங்க சாப்புடறது?"

அரிசி மண்டிக்காரர் ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் ஹோமம் நடந்துகொண்டிருந்தபோதே மேஸ்திரி எழுந்து மாடிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் கண்ணும் மீசையும் வரைந்த திருஷ்டிப் பானை. குழாய் வாயில் கவிழ்த்திருந்ததாம். சபையே எழுந்து நின்றது. மண்டிக்காரர் பானையைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே கவிழ்த்து, மேஸ்திரியை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். சற்று நேரத்தில் சம்பந்தி கை கழுவப் போனார். மாடியில் யாரோ பக்கெட்டைக் கவிழ்த்தார்கள். பேசின் சம்பந்தியின் முகத்துக்கு நேராக ஒரு ஏப்பம் விட்டது. மேஸ்திரி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவரைத் திரும்பக் கூட்டி வர ஆள் ஓடியது.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவன்தான் நானும். எங்கள் வீட்டு ஏப்பத்தில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அத்தான் போன பிறகு என் அக்கா நைனார்பாளையத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டாள். மாடி அறையும் குளியலறையும் அவளுக்காகக் கட்டியவை. கீழ்க் குழாயின் வாய் அவள் ஜன்னலோரம் வந்தது. நாறும் என்று கொத்தனார் அதை அடைத்துவிட்டார். மாடிக்கென்று தனி வாயும் வைக்கவில்லை. அது முதல் மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே ஏப்பம், பின்னாலேயே நாற்றம்.

"அண்ணி ஊத்துறப்பல்லாம் கொடலைப் புடுங்குதுங்க" என்று என் மனைவி சமையலறையில் என்னிடம் சொன்னது மாடிப்படிவரை கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அக்கா சத்தம் வராமல் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் துடைத்தாள்.

"நைனார்பாளையத்து வூடு பூட்டியே கெடக்குதுடா. வெள்ளிக்கிழமை போயிட்டு அங்கியே இருக்கேன்."

அதற்கு முந்தின நாள் நான் மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். சுவரில் காதை வைத்து, வீட்டில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். மனைவி நீட்டிய காப்பியைத் தள்ளி வைத்தார். மேற்கே கல்வராயன் மலையைக் கையால் காட்டி, "அம்மாம் மலைக்காத்து சும்மா போய்க்கினு இருக்குது, ஒரு குழாய்க்குக் குடுக்க மனசு வரலியே" என்றார்.

பெட்டியைப் பார்த்தார். "ஊருக்கா அக்கா?"

"ஆமா மேஸ்திரி. நாளைக்கு."

"நாளைக்கு நான் வேலை செய்றேன். தண்ணி ஊத்திப் பாக்க ஆள் வேணும். இருங்க."

மறுநாள் வந்தார். சிமெண்டை உடைத்து, கீழ்க் குழாயை மேலே இழுத்தார். மாடிக்கும் ஒரு காற்றுக் குழாய் எடுத்தார். இரண்டையும் சேர்க்குமிடம் வந்ததும் அக்காவை பேசின் முன்னால் நிற்க வைத்து, அதன் விளிம்புக்கு மேல் ஒரு சாண் அளந்தார். "இதுக்குக் கீழ சேத்தா, அடைப்பு வந்தா அழுக்குத் தண்ணி காத்துக் குழாய்ல ஏறிடும். மேல சேத்துட்டா ரெண்டுக்கும் ஒரே வாய் போதும்." சேர்த்த குழாய் ஒன்றாகக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ஆள் உயரத்துக்கு மேல் போய் நின்றது. என் மனைவி திருஷ்டிப் பானையோடு படியேறினாள். அவர் மறுக்கவில்லை. "கழுத்துல கட்டுங்கம்மா. வாயில வேணாம்."

பிறகு அவளைக் கீழே குளியலறையில் காதைத் தீட்டி நிற்கச் சொன்னார். மேலே அக்கா செம்பை எடுத்தாள்.

"பக்கெட்டை அப்படியே கவுங்க அக்கா."

"கீழ இருக்கறவங்களுக்கு…"

"கவுங்க."

கவிழ்த்தாள். கீழேயிருந்து சத்தமே இல்லை. சற்றுப் பொறுத்து என் மனைவியின் குரல் வந்தது: "இன்னும் ஊத்தலியா அண்ணி?"

அக்கா என்னைப் பார்த்தாள். இன்னொரு பக்கெட்டை நிரப்பிக் கவிழ்த்தாள். மூன்றாவதையும் கவிழ்த்தாள்.

"எவ்வளவு நேரந்தான் நிக்கிறது? ஊத்துங்க அண்ணி."

"ஊத்தி முடிச்சு தரையே காஞ்சி போச்சு, மேல வா" என்றாள் அக்கா. வந்த என் மனைவி டிரங்குப் பெட்டியை அறை வாசலிலிருந்து கட்டிலுக்கடியில் தள்ளினாள். அன்றைய குறிப்பு: "வெள்ளி. சாப்பிட்டார். ரசம் இரண்டு தடவை."

கிளம்பும்போது, "சின்னசேலம் பஸ்ஸுல போறப்பல்லாம் இந்த வாயைப் பாத்துக்கினேதான் போவேன் அக்கா" என்று சொல்லிப் போனார். அவர் காலமாகி வெகு நாளாகிறது. பஸ் போகும் நேரத்தில் துணி உலர்த்த மாடிக்குப் போவதை அக்கா இன்னும் விடவில்லை.

சாலைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரைஸ்மில்லும் தென்னை மரங்களும் இருக்கின்றன. பஸ்ஸிலிருந்து எங்கள் குழாய் தெரியுமா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. வீடு சாலைக்கு இடது பக்கம். சின்னசேலம் போகும்போதெல்லாம் நான் வலது ஜன்னலோரம்தான் உட்காருகிறேன்.