செங்கல் அண்ணனும் என் நெஞ்செரிச்சலும்

இரண்டு செங்கல் இல்லாமல் வெளியூர் போகாத மனிதர் பதுளை மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கேட்டைக் காக்கும் வாட்சர். சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கெல்லாம் செங்கல் அண்ணன்.

நெஞ்செரிச்சல்காரர். கட்டிலின் தலைமாட்டை உயர்த்திப் படுக்கும்படி எப்போதோ ஒரு டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். தலைமாட்டுக் கால்கள் இரண்டு. ஆகவே செங்கலும் இரண்டு. ஹல்துமுல்லைக்கு அக்கா மகள் கல்யாணத்துக்குப் போகும் வழியில் பொலிஸார் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். அவருடைய பையைத் தூக்கிய கான்ஸ்டபிளின் கை அப்படியே கீழே இறங்கியது.

"என்ன இது?"

"மருந்துங்க சேர்."

திறந்து பார்த்த கான்ஸ்டபிள், "சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டாராம்.

இந்தக் கதைக்கு ஆசிரியர் அறையில் அதிகம் சிரித்தவன் நான். அதற்கான பலன் சீக்கிரமே கிடைத்தது.

என் வயிற்றில் ஒரு கிருமி குடியிருப்பது பரிசோதனையில் தெரிந்தது. இரண்டு வாரம், வேளைக்கு ஒரு கைப்பிடி மாத்திரை. வாயெல்லாம் பழைய சாவியைச் சப்பியது போலக் கசப்பு. பிறகு சோதித்தபோது கிருமி இல்லை. போரில் வென்றவனைப் போல எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அன்று மாலையே கொத்துரொட்டி. மறுநாள் பாணும் காரம் தூக்கலான கட்டைச் சம்பலும். இழந்த இரண்டு வாரத்தை இரண்டே நாளில் மீட்டேன்.

சில வாரம் கழித்து, காலைக் கூட்டத்தில் உடல்நலம் பேணுவது பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது, நெஞ்சு தீயாக எரிந்தது. தொண்டைவரை புளிப்பு. மாரடைப்பென்று நானே முடிவுசெய்து, மைக்கைப் பிடித்தபடி சரிந்தேன். "தரம் பத்துக்கு... இலக்கணம் முடிக்கல..." என்று என் கடைசி வார்த்தையைப் பள்ளிக்கூடமே கேட்டது. தரம் பத்து வகுப்பு மட்டும் கொஞ்சம் சந்தோஷப்பட்டதாகக் கேள்வி.

செங்கல் அண்ணன்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருதயம் நன்றாக இருந்தது. "கிருமி போன பிறகு சிலருக்கு அமிலம் இப்படி மேலே வரும். சாப்பாட்டைக் கவனிங்க. தலைமாட்டை உயர்த்திப் படுங்க" என்றார் டாக்டர்.

எனக்குப் பின்னால் செங்கல் அண்ணன் பெருமையாகச் செருமினார்.

அன்று மாலையே ஹாலிஎலவில் என் வாடகை அறைக்கு இரண்டு செங்கல் வந்து சேர்ந்தன. கூடவே காவலும் வந்தது. கேன்டீனில் நான் வடையைத் தொட்டால் கேட்டிலிருந்து குரல் வரும்: "சேர், அது எண்ணெய்ங்க! நெஞ்சுக்கு ஏறும்!" ஒருநாள் பெற்றோர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் என் கையிலிருந்த, எண்ணெயில் பொரித்த ரோல்ஸைப் பிடுங்கிவிட்டார்.

"நீங்க என்ன டாக்டரா? கேட்டைப் பாத்துக்கிட்டு இருங்க, போதும்!" என்று கத்திவிட்டேன்.

அவர் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் வானத்தைப் பார்த்தார். தமிழ் கற்பிக்கிற நான், மன்னிப்புக் கேட்க ஒரு சொல் கிடைக்காமல் மூன்று வாரம் திரிந்தேன்.

எரிச்சல் குறையவில்லை. எடை இறங்கியது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க டாக்டர் நாள் குறித்தார். உள்ளே வேறு ஏதாவது இருக்குமோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி அதிபரிடம் லீவுக் கடிதம் மட்டும் கொடுத்தேன்.

காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால், வாங்கில் செங்கல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு, முதல் ஆளாக வந்து எனக்கு நம்பர் எடுத்து வைத்திருந்தார். நம்பர் துண்டை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, அன்னைக்கு நான்..."

"ஒன்னாம் நம்பர். கூப்புடுறாங்க, போங்க."

உள்ளே நான் போட்ட சத்தத்தில் இரண்டாம் நம்பர்காரர் வீட்டுக்குப் போய்விட்டாராம். உணவுக்குழாயில் சின்னப் புண். மாத்திரையும் வாய்க்கட்டுப்பாடும் போதும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கேன் சேர். டாக்டர் என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க."

இரண்டு சொல்லில் முடிந்துவிடும் செய்தி. மன்னிப்பையும் சேர்த்து, ஹாலிஎல வரும்வரை நீட்டி நீட்டிச் சொன்னேன்.