மணப்பெண் ஏறும் கார்

துருப் புள்ளியை எச்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்றுதான் ஓடார்ட்டே நினைத்தான். பெருவிரலை எடுத்துப் பார்த்தால் புள்ளி அப்படியே இருக்கிறது. காரின் நீலப் பெயிண்ட் மட்டும் ஒரு சில்லாக விரலோடு வந்துவிட்டது.

டெமா துறைமுக ஊரில் கடலோரம் வீடு கட்டியவர்களுக்குத் துரு புதிதில்லை. கூரைத் தகடு, கதவுக் கீல், ஃபிரிட்ஜின் கால் என்று உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பக்கத்து வீட்டுச் செலோர்மின் வெள்ளைக் காரை மட்டும் அது தொடாமல் போனதுதான் ஓடார்ட்டேயின் வயிற்றெரிச்சல். இருபது வருடப் பழைய கார். செலோர்ம் சனிக்கிழமைதோறும் கழுவி மெழுகு தேய்ப்பான். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடக் குடும்பத்தோடு நடந்துதான் போவான்.

"தூசி படும்னு நடக்கிறான் பாரு, கஞ்சப்பய" என்பான் ஓடார்ட்டே.

"வண்டிய வச்சுக்கத் தெரிஞ்ச மனுஷன்" என்பாள் மனைவி ஓபோஷி. அது போதும். அன்றைக்கு அவனுக்குச் சோளக் கெங்கே உருண்டை தொண்டையில் இறங்காது.

தங்கை ஷோர்மேயின் மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். மணப்பெண்ணைச் சர்ச்சுக்கு ஏற்றிப்போவது தாய்மாமன் கார்தான். அவர்கள் குடும்பத்தில் அப்படி. ஆனால் பேச வந்த ஷோர்மே வேலியோரம் நின்று வெள்ளைக் காரையே பார்த்தாள்.

"என்னமா மின்னுது அண்ணே. ரிப்பன் கட்டினா கண்ணப் பறிக்கும்."

அவளுக்கு அது ஒரு பேச்சு. ஓடார்ட்டேக்கு நெஞ்சில் முள். மருமகள் அடுத்தவன் காரில் ஏறினால் துறைமுகத்தில் தன்னோடு வேலை பார்க்கிறவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாளிலிருந்து விடிந்ததும் கொல்லைக் கிணற்றில் பத்து வாளி இறைத்துக் காரைக் குளிப்பாட்டினான். பத்தாக இருந்த துருப் புள்ளிகள் ஒரு வாரத்தில் முப்பதாயின.

"எந்தத் தண்ணிய ஊத்துறீங்க?" என்று கேட்டாள் ஓபோஷி.

"கிணத்துத் தண்ணி."

"அதுல பீன்ஸ் வேகாது, சோப்பு நுரைக்காது. கடல்லயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தா வாளி தூக்குற வேலையாவது மிச்சமாகியிருக்கும்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு டப்பா மெழுகு வாங்கி, துருவோடு சேர்த்து அப்பினான். நாலே நாளில் பெயிண்ட், எண்ணெயில் போட்ட மாவு மாதிரி அங்கங்கே உப்பியது.

வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு செலோர்மிடம் போனான்.

"மெழுகு துருவுக்கு மருந்தில்ல அண்ணே, சட்டை" என்றான் செலோர்ம். "புண்ணு மேல சட்டை போட்டா ஆறிடுமா? நல்ல தண்ணியில வண்டியோட அடிவயிறு வரைக்கும் கழுவணும். துருவச் சுரண்டிட்டுப் பெயிண்ட் அடிக்கணும். மெழுகு அப்புறம்தான்."

"அது கிடக்கட்டும். ஷோர்மே உன் காரைக் கேட்டாளா?"

"என்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்று செலோர்ம் அந்தப் பக்கம் திரும்பித் துணியை உதறினான்.

மழுப்புகிறான், கேட்டுவிட்டாள் என்றே முடிவு கட்டினான் ஓடார்ட்டே. வீட்டுக்கு வந்து கோபத்தோடு சுரண்டினான். சுரண்டிய கத்தி, கதவுக்குள் பிடி வரைக்கும் போயிற்று.

தெருமுனையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் யாகுபு, காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"ரெண்டு கதவையும் கழட்டணும்."

"கழட்டு. செலோர்ம் வண்டி மாதிரி வரணும், அவ்வளவுதான்."

கதவைக் கழற்றியபோது தரைத்தகடும் கையோடு வந்தது. தரையைக் கழற்ற இருக்கைகளை எடுத்தான். பற்றவைக்கும் பொறி பட்டுத் தீப்பிடிக்கக் கூடாதே என்று பெட்ரோல் டேங்கையும் இறக்கினான். கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், கார் நாலு மரக்கட்டை மேல் எலும்புக்கூடாக நின்றது.

"செவ்வாய்க்கிழமை வாங்க அண்ணே" என்றான் யாகுபு.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷோர்மே கை நிறைய ரிப்பனோடு வந்து சேர்ந்தாள். காரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே இது? நீலத்துக்கு எடுப்பா இருக்கும்னு கடை கடையாத் தேடி வெள்ளை ரிப்பன் வாங்கியாந்திருக்கேன்."

"நடிக்காத" என்றான் ஓடார்ட்டே. "உன் ஆசைதான் எனக்குத் தெரியுமே. போ, செலோர்ம் கார்லயே கட்டு. உன் மக அதுலயே சர்ச்சுக்குப் போகட்டும்."

ஷோர்மே வாயைத் திறப்பதற்குள், யாகுபு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னான்: "அந்த வண்டியோட எஞ்சின் மூணு வருஷமா என் கடைக்குப் பின்னாலதான் கிடக்கு, 'துருப்பிடிச்சாலும் ஓடார்ட்டே வண்டி ஓடுதே'ன்னு வாராவாரம் இங்க வந்து வயிறெரிஞ்சுட்டுப் போறாரு அந்த மனுஷன்."